பார்ட் மாற்றிய பிறகு ஓவர்கிளாக் நிலையாக நிற்கவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய சிஸ்டம்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. பிராசசரின் ஆறு கோரையும் 4.2 ஜிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட் என்று பூட்டி, அதாவது கம்பெனி ஓட்டும் வேகத்துக்கு மேல் ஓவர்கிளாக் செய்து வைத்து, ரொம்ப நாள் நன்றாக ஓட்டியிருக்கிறார். முகூர்த்த சீசனுக்கு முன்னால் அதே மாடல் ராம் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டார். செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிடைத்தது, அதையும் மாட்டினார். விண்டோஸ் 11 போடுவதற்காக, போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் புதுப்பித்தார். அதற்கப்புறம் ரெண்டர் ஓடும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் வருகிறது. காலையில் முதல் தடவை ஆன் செய்தால் இரண்டு மூன்று முறை உயிர் வந்து அணைந்த பிறகுதான் திரையில் படம் வருகிறது. விண்டோஸை அழித்துப் போட்டும் சரியாகவில்லை. “அண்ணே, வோல்டேஜை 1.4க்கு ஏற்றினால் ஓவர்கிளாக் நிலையாக நிற்குமா?” என்பது கேள்வி.

ஏற்ற வேண்டாம் தம்பி. 4.2 ஜிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட் என்பது உங்கள் பிராசசருக்கு மட்டும் சொந்தமான எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த எண். இரண்டு ராம், 125 வாட் கார்டு, பழைய பயாஸ், அன்றைய சூடு, இத்தனையும் சேர்ந்துதான் அந்த எண் நின்றது. இப்போது நான்கையும் மாற்றிவிட்டீர்கள். பழைய எண்ணை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, நிற்கவில்லையே என்று அதற்கு மேல் வோல்டேஜ் ஏற்றினால், தப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே பிராசசரின் ஆயுளைக் குறைத்துக்கொள்வீர்கள். நாகர்கோவிலில் சிஸ்டம் அசெம்பிள் செய்யும் வேலையில் இருப்பதால் இப்படி வரும் பெட்டிகளை அடிக்கடி பார்க்கிறேன். முக்கால்வாசி பெட்டிகளில் குற்றவாளி பிராசசராக இருப்பதில்லை. உங்கள் பெட்டியிலும் என் முதல் சந்தேகம் ராம் மேல்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம், இது எல்லாவற்றையும் விட அவசரம். இந்தப் பெட்டி சரியாகும் வரை கல்யாணம் எடுத்த கேமராவின் மெமரி கார்டுகளை இதில் காப்பி செய்யாதீர்கள். ராமில் பிழை இருந்தால் கணினி நின்றுபோவது ஒரு வகையில் நல்லது, தெரிந்துவிடும். நிற்காமல் ஓடும்போதுதான் ஆபத்து. கார்டிலிருந்து ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ராம் வழியாகத்தான் போகிறது. வழியில் ஒரு பிட் மாறினால் விண்டோஸ் ஒன்றும் சொல்லாது, காப்பி முடிந்தது என்று காட்டும். நீங்கள் கார்டை ஃபார்மேட் செய்து அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கொண்டுபோவீர்கள். தாலி கட்டும் கிளிப்பில் பச்சைக் கட்டம் விழுந்திருப்பது எடிட்டில் உட்காரும்போதுதான் தெரியும். கடன் வாங்கியாவது வேறொரு லேப்டாப்பில் காப்பி செய்யுங்கள். காப்பி செய்யும் மென்பொருளான டெராகாப்பியில், காப்பி சரிதானா என்று ஒப்பிடும் வெரிஃபை என்ற வசதி இருக்கிறது, அதையும் போட்டு வையுங்கள். இந்த நாட்களில் ஏற்கெனவே காப்பி செய்த கிளிப்புகள் இருந்தால், கார்டு அழியாமல் இருக்கும் பட்சத்தில், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேலை. முதலில் எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பயாஸுக்குள் போய் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் போட்டால் போதும் என்று சொல்வார்கள். நான் ஒரு படி மேலே போவேன்: பின்னால் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, போர்டில் பயாஸ் செட்டிங்குகளை அழிக்கும் சிமாஸ் கிளியர் ஜம்பரின் இரண்டு முனையையும் இணைத்துத் தொட்டுவிடுங்கள், அல்லது வட்ட பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வையுங்கள். விண்டோஸ் 11இல் டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீ கேட்கக்கூடும், அதை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலிருந்து எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸில் சேமித்து வைத்திருந்த பழைய புரொஃபைலைத் திரும்ப ஏற்ற வேண்டாம், அது பழைய பதிப்புக்கானது. ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கையும் போட வேண்டாம். ராம் 2133இலோ 2400இலோ ஓடட்டும், வேகம் குறைவது பற்றி இப்போது கவலை இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது, நீங்கள் செய்யும் சோதனைக்கு அர்த்தம் இருக்காது.

இந்த நிலையில் வழக்கமான எடிட் வேலையை ஒரு முழு நாள் ஓட்டிப் பாருங்கள், கையில் காப்பி இருக்கும் பழைய புராஜெக்ட்டை வைத்து. நடுவில் கணினி நின்றுபோனால், பவர் சப்ளை, கார்டு, போர்டு, அல்லது ராம் ஸ்டிக்கே பழுது. நின்றுபோகாமல் ஓடினால் பெரும்பாலும் எல்லாப் பொருளும் நல்ல பொருள், நீங்கள் போட்ட எண்களில்தான் தகராறு. இந்த ஒரு நாளைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறவர்கள்தான் வாரக்கணக்கில் சுற்றுகிறார்கள்.

இதற்கிடையே விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் சிவப்பு வரிகளைப் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்று வரிசையாக இருக்கும், அதைப் பார்த்ததும் பவர் சப்ளை போச்சு என்று கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய. அது ஒரு மரணச் சான்றிதழ் மாதிரி, இறந்த நேரம் இருக்கும், காரணம் இருக்காது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு அர்த்தம் கிடையாது. அதைத் திறந்து டீட்டெய்ல்ஸில் பக்செக் கோடு என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால் விண்டோஸுக்கு நீலத்திரை காட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை, கரண்ட் அறுந்தது போலவோ அடியோடு ரீசெட் ஆனது போலவோ நடந்திருக்கிறது. எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது. அதன் பக்கத்தில், ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் ஹ்வியா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அதில் 18 என்ற எண்ணும் கேஷ் ஹைரார்க்கி எரர் என்ற வாசகமும் இருந்தால் பிராசசர் பக்கம் பார்க்க வேண்டும். கீழே ஏபிஐசி ஐடி என்று, எந்தக் கோர் என்பதைக் காட்டும் ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே எண் வந்தால் ஒரு குறிப்பிட்ட கோர்தான் 4.2ஐத் தாங்க மாட்டேன் என்கிறது. பஸ் இன்டர்கனெக்ட் எரர் என்றிருந்தால் மெமரி கன்ட்ரோலர் பக்கமும் கண் போக வேண்டும். 17 என்ற எண் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு மாட்டும் பிசிஐஇ ஸ்லாட் சம்பந்தப்பட்டது, கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினாலே சில நேரம் போய்விடும்.

நீலத்திரை தினமும் பெயர் மாற்றி வருகிறது என்றீர்களே, இன்றைக்கு மெமரி மேனேஜ்மென்ட், நாளைக்கு ஐஆர்க்யூஎல், அடுத்த நாள் பேஜ் ஃபால்ட் என்று. டிரைவர் பழுது என்றால் பொதுவாக ஒரே பெயர், ஒரே ஃபைல் என்று பிடிவாதமாக வரும். கண்ட கண்ட பெயரில் வந்தால் ராமில் எந்த இடம் கெட்டதோ அந்த இடத்தில் அப்போது யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள் பெயரில் விழுகிறது என்று அர்த்தம். இத்துடன் காலையில் இரண்டு மூன்று முறை அணைந்து எரிவதையும் சேர்த்துப் பாருங்கள். கணினி ஆன் ஆகும்போது போர்டு ஒவ்வொரு ராமுக்கும் சிக்னல் எந்த நேரத்தில் போக வேண்டும், வர வேண்டும் என்று சோதித்துப் பார்த்துப் பொருத்திக்கொள்கிறது, மெமரி டிரெயினிங் என்பார்கள். அது தோற்றால் தானாகவே அணைத்து மறுபடி முயலும். அப்படியும் ஆகாவிட்டால் எக்ஸ்எம்பியைத் தூக்கிவிட்டு அடிமட்ட வேகத்தில் எழுப்பும். ஒரு தடவை எழுந்த பிறகு நாள் முழுக்க ரீஸ்டார்ட் சரியாக ஆகிறது, காலையில் மட்டும் மல்லுக்கட்டுகிறது என்றால் அந்த டிரெயினிங் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் விளிம்பு? அதே கம்பெனி, அதே மாடல், பெட்டியில் 3200 என்றுதானே போட்டிருக்கிறது என்பீர்கள். பெட்டியில் போட்டிருப்பது அந்தப் பெட்டியில் இருக்கும் ஒரு ஜோடிக்கு. உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் கணக்கே வேறு: இரண்டு ஸ்டிக் என்றால் 3200, சிங்கிள் ரேங்க் ஸ்டிக் நான்கு என்றால் 2933, டூயல் ரேங்க் நான்கு என்றால் 2667. ரேங்க் என்பது ஸ்டிக்கில் சிப்புகள் எத்தனை தொகுதியாக இருக்கின்றன என்பது. 8 ஜிபி ஸ்டிக்குகள் பெரும்பாலும் சிங்கிள் ரேங்க், அதனால் உங்களுக்கு 2933. நான்கு ஸ்டிக் போட்டு 3200 ஓட்டுவதே ஓவர்கிளாக்தான். போதாக்குறைக்கு பி450 போர்டுகளில் பெரும்பாலானவை டெய்ஸி செயின் முறையில் ஒயரிங் இழுத்தவை. சிக்னல் ஒரே தடத்தில் முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதுக்குப் போகும். இரண்டு ஸ்டிக்கைத் தூர ஸ்லாட்டில் போடும்போது அது அருமையாக ஓடும். நடுவில் இன்னொன்று உட்கார்ந்ததும் சிக்னல் அங்கே மோதி எதிரொலிக்கும்.

இன்னொன்று, ஒரே மாடல் என்பதால் உள்ளே ஒரே சிப் என்று சொல்ல முடியாது. கம்பெனிகள் ஸ்டிக்கர் மாறாமல் உள்ளே மைக்ரான், ஹைனிக்ஸ், சாம்சங் என்று கிடைத்த சிப்பைப் போடுவார்கள். பார்ட் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள். டிராம் தயாரிப்பாளர் பெயரும் தயாரித்த வாரமும் வேறு வேறாக இருந்தால் நீங்கள் வாங்கியது வேறு ஒரு ராம். கார்சேர் ஸ்டிக்குகளில் லேபிளிலேயே வெர் என்று சின்னதாக ஒரு பதிப்பு எண் இருக்கும், அதை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

சோதிக்கும் விதம்: பழைய ஜோடியை மட்டும் வையுங்கள், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். எக்ஸ்எம்பி போடுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு படுக்கப் போகும்போது ஓட விடுங்கள். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும், அது போதும். பிழை வந்தால் சிவப்பில் ஒரு வரி விழும். எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு என்று இரண்டு நீளமான எண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். “ஒரே ஒரு எரர்தானே அண்ணே” என்று கேட்பவர்கள் உண்டு. ராமில் ஒன்றும் ஒன்றுதான், ஆயிரமும் ஒன்றுதான், பூஜ்யம் மட்டுமே தேர்ச்சி. அப்புறம் புது ஜோடியை அதே ஸ்லாட்டுகளில் போட்டு அதே சோதனை. இரண்டும் தனித்தனியே தேறி, நான்கும் சேரும்போது மட்டும் சிவப்பு வந்தால் யாரும் பழுதில்லை, கூட்டணிதான் ஒத்துப்போகவில்லை. மெம்டெஸ்ட்86 தேறிய பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனையையும் ஓட்டுவது நல்லது. விண்டோஸுக்குள் கார்டும் பிராசசரும் சூடாக இருக்கும்போது வரும் பிழை பென் டிரைவ் சோதனையில் தலைகாட்டாமல் போகலாம்.

கூட்டணியைச் சமாதானப்படுத்த வழி உண்டு. எக்ஸ்எம்பி போட்டுவிட்டு வேகத்தை மட்டும் 2933க்கு இறக்குங்கள், டைமிங் அப்படியே இருக்கட்டும். கியர் டவுன் மோடு ஆன். ராம் வோல்டேஜ் 1.35இலிருந்து 1.37, பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.1, அதற்கு மேல் போக வேண்டாம். பிராசசரின் உள் இணைப்பான ஃபேப்ரிக்கின் வேகம், அதாவது எஃப்கிளாக்கை, முன்பு 1600 என்று கையால் பூட்டியிருந்தால் ஆட்டோவுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் ராம் ஒரு தாளத்திலும் ஃபேப்ரிக் வேறு தாளத்திலும் ஓடும். 3200க்கும் 2933க்கும் எடிட்டிங்கில் உள்ள வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் 16 ஜிபிக்கும் 32 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம் டைம்லைனை இழுக்கும்போதே தெரியும். வேகம்தான் வேண்டும் என்றால் நான்கையும் விற்றுவிட்டு 16 ஜிபி இரண்டு இருக்கும் ஒரே கிட்டாக வாங்குங்கள். நான் என்றால் 2933இல் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

ராம் தீர்ந்த பிறகுதான் பிராசசர். இங்கே நான் சந்தேகப்படுவது ஒன்று உண்டு. பயாஸ் புதுப்பித்ததும் எல்லா செட்டிங்கும் அழிந்துபோயிருக்கும். நீங்கள் மறுபடி போய் 4.2, 1.3 என்று ஞாபகத்தில் இருந்த இரண்டு எண்ணையும் போட்டிருப்பீர்கள். லோட் லைன் காலிப்ரேஷன் என்று ஒன்றை அப்போது மாற்றியிருந்தீர்களா, அது ஞாபகம் இருக்கிறதா? பிராசசர் முழு வேலையில் இறங்கும்போது வோல்டேஜ் சற்றுத் தொய்யும், அந்தத் தொய்வை எவ்வளவு விடலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். முன்பு நடு நிலையில் இருந்தது இப்போது ஆட்டோவில் இருந்தால், நீங்கள் 1.3 என்று எழுதியிருந்தாலும் ரெண்டர் நேரத்தில் 1.25 பக்கம் இறங்கியிருக்கலாம். வோல்டேஜ், சூடு எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, கோர் வோல்டேஜ் எஸ்விஐ2 டிஎஃப்என் என்ற வரியை ரெண்டர் ஓடும்போது பாருங்கள். பயாஸில் எழுதியதைப் பார்க்காதீர்கள், இந்த வரிதான் உண்மை.

அதே நேரம் பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95இல் ஸ்மால் எஃப்எஃப்டி ஓட்டினால், கோர் கோராக வேலை செய்யும் வொர்க்கர்களில் எந்த வொர்க்கர் முதலில் விழுகிறது என்று தெரியும். “ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4” என்று சொல்லிவிட்டு அந்த வொர்க்கர் மட்டும் நிற்கும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஸ்மால் எஃப்எஃப்டி தேறி லார்ஜ் எஃப்எஃப்டியில் விழுந்தால் திரும்பவும் ராம் பக்கம் வாருங்கள். சூடு 85 டிகிரியைத் தாண்டினால் சோதனையை நிறுத்துங்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், இந்த 4.2 ஓவர்கிளாக்கையே நான் திரும்பப் போட மாட்டேன். 3600இன் கம்பெனி பூஸ்ட்டே 4.2 தான். எல்லாக் கோரும் உழைக்கும்போது அது தானாகவே 4 பக்கம் நிற்கும். நீங்கள் பூட்டி வைப்பதால் கிடைப்பது சில சதவீதம். அதற்குக் கொடுக்கும் விலை, கம்பெனி வைத்த 88 வாட் எல்லை இல்லாமல் போய், ஹீட்சிங்க் குறைவான பி450 போர்டில் பிராசசருக்கு வோல்டேஜ் கொடுக்கும் விஆர்எம் பகுதி கொதிப்பது. நிரந்தர வோல்டேஜில் மாதக்கணக்கில் ரெண்டர் ஓட்டினால் சிலிக்கானும் வயதாகும், முன்பு 1.3இல் நின்றது 1.325 கேட்கும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில் அதிக வோல்டேஜால் பிராசசர்கள் தளர்ந்துபோய், 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்ட வேண்டி வந்ததே, அது ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் நடந்தது. அந்த பிராசசர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். உங்களுக்கு, கையில் 3060 டிஐ இருக்கும்போது எக்ஸ்போர்ட்டில் ஹார்டுவேர் என்கோடிங்கைத் தேர்ந்தெடுத்தாலே இந்த 200 மெகாஹெர்ட்ஸ் சண்டைக்கு அவசியம் இருக்காது.

இனி பவர். 1660 சூப்பர் 125 வாட், 3060 டிஐ 200 வாட். என்விடியா இதற்கு 600 வாட் சப்ளை சொல்கிறது. கூட்டிப் பார்த்தால் 550 போதும்போலத்தான் தெரியும். சராசரிக் கணக்கில் போதும். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டுகள் ஒரு நொடியின் சிறு துண்டில் சராசரியை விட நிறைய இழுத்துவிட்டு இறங்கும். பழைய சப்ளை அதைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொள்ளும். அப்படி நடந்தால் நீலத்திரை வராது, ஒரேயடியாக இருட்டு. சில நேரம் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் திரும்ப உயிர் வரும். உங்களுக்கு அணையாமல் ரீஸ்டார்ட் ஆகிறது என்பதால் இது இரண்டாவது சந்தேகம்தான். சோதிக்கச் செலவில்லாத வழி, கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்கி இரண்டு நாள் ஓட்டுவது. ரீஸ்டார்ட் ஆவது நின்றால் சப்ளையையோ கார்டையோ நம்பக்கூடாது. கார்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால் ஒரே ஒயரின் இரட்டைத் தலையை மாட்டாமல் தனித்தனி ஒயர் கொண்டுவாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழைய மோலெக்ஸ் முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே, ரெண்டர் ஓடும்போது வையுங்கள். 11.4க்குக் கீழே போனால் சப்ளையை மாற்ற வேண்டியதுதான்.

நம்மூர்க்காரர்கள் மறப்பது யுபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று நினைத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் அது 360 வாட்டுதான். பழைய கார்டோடு அது மூச்சுப் பிடித்து நின்றிருக்கும். புதுக் கார்டும் மானிட்டரும் சேர்ந்து இழுக்கும்போது, கரண்ட் இருக்கும் நேரத்திலேயே ஓவர்லோடு ஆகி அறுத்துவிடும். ஒரு நாள் யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவரில் மாட்டி ஓட்டிப் பாருங்கள், வானம் முழங்காத நாளாகப் பார்த்து. ஐப்பசி இடியில் இந்தச் சோதனையைச் செய்தால் போர்டே போய்விடும். யுபிஎஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் அதில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் பக்கம் இருக்கட்டும். நார்மலில் மாறுவதற்குள் பவர் சப்ளையின் கையிருப்பு தீர்ந்துவிடும். பழைய ஓட்டு வீடாக இருந்து, வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? அப்படியென்றால் பிளக்கில் எர்த் இல்லை. கிராஷுக்குக் காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட்டுவிடுங்கள்.

சூட்டையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் நின்ற ஓவர்கிளாக் சித்திரையில் நிற்காது. மாடியில் ஷீட் போட்ட அறையில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இப்போது பெட்டிக்குள் 75 வாட் கூடுதல் சூடு, அது பிராசசர் கூலருக்கும் ராமுக்கும் நேர் கீழே இருந்து மேலே எழும்புகிறது. பக்கக் கதவைக் கழற்றி வைத்து ஒரு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி ரெண்டர் ஓட்டுங்கள். பிரச்சினை குறைந்தால் முன்னால் ஒரு ஃபேனும் பின்னால் ஒரு ஃபேனும் வாங்குங்கள். கதவைக் கழற்றியபடியே நிரந்தரமாக விடாதீர்கள், மழைக்காலத்தில் எறும்பு குடிவந்துவிடும். பவர் சப்ளைக்குள் பல்லி செத்துக் கிடந்து ஷார்ட் ஆன பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். கருங்கல் கடலிலிருந்து ரொம்பத் தூரமில்லை. குளச்சல், முட்டம் பக்கம் இருந்து வரும் பெட்டிகளில் ராம் விளிம்பில் மங்கலாகப் படிவு இருக்கும். ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

விண்டோஸ் பற்றிச் சுருக்கமாக. பிழையான ராமோடு இன்ஸ்டால் செய்த விண்டோஸை நம்ப முடியாது, இன்ஸ்டால் ஆகும்போதே ஃபைல்கள் கெட்டிருக்கலாம். அதனால் ராம் சோதனை தேறிய பிறகு இன்னொரு தடவை சுத்தமாகப் போடுங்கள், அதற்கு முன் போடுவது வீண். போட முடியாத நிலை என்றால் கெட்ட விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்யும் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த், எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற இரண்டு கமாண்டையும் ஓட்டுங்கள். சும்மா இருக்கும்போது மட்டும் உறைந்துபோகிறது என்றால் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிக்கல் என்று வையுங்கள், பழைய சப்ளைகளோடு ரைசனுக்கு இது உதவும். அவ்வப்போது ஒரு நொடி திக்கித் திக்கிப் போகிறது, கிராஷ் இல்லை என்றால் அது விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், பயாஸுக்குள் ஏஎம்டி கொடுக்கும் ஏஜெசா பகுதி 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையதாக உள்ள பயாஸில் சரிசெய்திருக்கிறார்கள்.

மாற்றங்களை ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்யுங்கள். எக்ஸ்எம்பி, எஃப்கிளாக், வோல்டேஜ் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு கிராஷ் நின்றுவிட்டது என்று வந்தால் எது நிறுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன மாற்றினேன், எந்தச் சோதனை, எத்தனை மணி நேரம், என்ன ஆனது என்று எழுதி வையுங்கள். பயாஸ் பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த தடவை பயாஸ் புதுப்பிக்கும்போது அந்த லோட் லைன் எண்ணைத் தேட வேண்டியிருக்காது.

மெம்டெஸ்ட்86இல் ஒரு ஸ்டிக் தனியாகவும், எக்ஸ்எம்பி இல்லாமலும் சிவப்பு காட்டினால் அது பழுதுதான், வோல்டேஜ் ஏற்றித் தேற்றப் பார்க்காதீர்கள். திரையைப் போட்டோ எடுத்து, பில்லோடு வாங்கின கடைக்குக் கொண்டுபோங்கள். ராம் கம்பெனிகள் பெரும்பாலும் நீண்ட வாரண்டி கொடுப்பதால் மாற்றித் தருவார்கள். கிட்டாக வாங்கியிருந்தால் ஒன்றை மட்டும் கொடுக்காமல் ஜோடியாகக் கொடுங்கள், திரும்பி வருவதும் ஜோடியாக இருக்கட்டும்.